‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ நாவலில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் ஜான் லெ காரேயின் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ நாவலை வாங்கி, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடித்திருக்கிறார். அப்பா கட்டிவைத்திருந்த ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டையும் சங்கர்லாலையும் படித்து வளர்ந்தவர். இந்த நாவலிலோ நாயகன் குடிக்கிறான், நூலகத்தில் வேலை பார்க்கிறான், மளிகைக்கடைக்காரரை அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறான், அந்த முதல் பகுதி ஒன்றும் நடக்காமல் சலிப்பாக இருந்தது என்கிறார். கடைசியில் யார் யாருக்காக வேலை பார்த்தார்கள் என்றே பிடிபடவில்லை, இதை ஏன் தலைசிறந்த உளவு நாவல் என்கிறார்கள், நிஜத்திலும் உளவு வேலை இப்படித்தானா என்று கேட்கிறார்.

தம்பி, மூன்றாகக் கேட்டிருந்தாலும் உங்கள் மனதில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இந்தப் புத்தகம் என்னை ஏமாற்றிவிட்டதா? ஆமாம், ஏமாற்றிவிட்டது. நாயகன் லீமாஸை அவனுடைய சொந்த அலுவலகம் எந்த வழியில் ஏமாற்றியதோ, அதே வழியில் உங்களையும் ஏமாற்றியது. நான் இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணமும் அதுதான். இனி முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மதுரைப் பக்கம் காவல்துறையில் தனிப்பிரிவில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். திருவிழாவில் முதல் மரியாதைக்குத் தகராறு வருமா, கண்மாய்த் தண்ணீருக்காக இரண்டு ஊர் மோதிக்கொள்ளுமா, மந்திரி வரும்போது யார் கறுப்புக்கொடி எடுப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து மேலே சொல்வதுதான் தனிப்பிரிவின் வேலை. வெளிநாட்டு உளவில் எனக்கு அனுபவம் கிடையாது. ஆனால் ஓர் ஆளிடமிருந்து தகவல் வாங்குவது, அதை நம்பலாமா என்று சோதிப்பது, அந்த ஆள் ஊருக்குள் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, இந்த மூன்றும் உசிலம்பட்டியானாலும் பெர்லினானாலும் பெரிதாக மாறுவதில்லை. அந்த அளவில் மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதையை நேராக்கிக்கொள்வோம். அலெக் லீமாஸ் பெர்லினில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் பொறுப்பாளன். கிழக்கு ஜெர்மனியில் அவன் வைத்திருந்த ஆட்களை அந்நாட்டு உளவுத்துறையின் முண்ட் என்பவன் ஒவ்வொருவராகத் தீர்த்துவிடுகிறான். கடைசி ஆளான கார்ல் ரீமெக், சைக்கிளில் எல்லையைக் கடக்கும்போது லீமாஸின் கண்ணெதிரே சுடப்படுகிறான். லண்டனுக்குத் திரும்பிய லீமாஸிடம் கன்ட்ரோல் என்று அழைக்கப்படும் தலைவர் ஒரு திட்டம் சொல்கிறார். நீ சீரழிந்தவன்போல் நடி, எதிரி உன்னை விலைக்கு வாங்க வருவான், அவனிடம் துண்டு துண்டாகச் சில தகவல் கொடு, அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முண்ட் நம் ஆள் என்று தோன்ற வேண்டும், முண்டுக்குக் கீழே வேலை பார்க்கும் ஃபீட்லர் அவன்மேல் ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிறான், மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான். லீமாஸுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். நமக்கும் இவ்வளவுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

சொல்லாமல் விட்டது இது: முண்ட் உண்மையிலேயே லண்டனின் ஆள். ஃபீட்லர் அதை மோப்பம் பிடித்துவிட்டான். எனவே அழிய வேண்டியவன் ஃபீட்லர், காப்பாற்றப்பட வேண்டியவன் முண்ட். லீமாஸ் கிழக்கே போனது முண்டைக் கொல்ல அல்ல, முண்டைக் காக்க. அது அவனுக்கே தெரியாது. யோசித்துப் பாருங்கள், அவன் விசாரணையில் சொல்வதெல்லாம் பொய் என்று நம்பிக்கொண்டு சொல்கிறான், ஆனால் அது காட்டும் முடிவு உண்மை. கடைசியில் அந்த உண்மையை, முண்ட்மேல் ஃபீட்லர் குற்றம்சாட்டிய கிழக்கு ஜெர்மனி விசாரணை மன்றத்தின் நடுவில் ‘பிரிட்டிஷ்காரன் கிளப்பிவிட்ட பொய்’ என்று நிரூபித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் முண்டைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் எடுபடாது.

இந்தத் தந்திரம் கற்பனைக்கு மட்டும் சொந்தமானது அல்ல. எங்கள் பக்கம் திருட்டு மணல் அள்ளுகிறவன் சில சமயம் தன்மேல் தானே ஒரு மொட்டைப் பெட்டிஷன் போடவைப்பான். அதில் தேதி தப்பாக இருக்கும், வண்டி நம்பர் ஊரில் இல்லாத வண்டிக்கு உரியதாக இருக்கும். விசாரித்து, புகாரில் உண்மையில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து உண்மையான பெட்டிஷன் வந்தால், ‘இது ஏற்கெனவே விசாரித்த விஷயம்தானே’ என்று ஓரமாகப் போய்விடும். லெ காரே இதே தந்திரத்தைச் சோஷலிச நாட்டின் விசாரணை மன்றத்துக்குக் கொண்டுபோய், அதற்கு மனித உயிர்களை விலையாக வைத்தார்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஃபீட்லர். பலர் அவனைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்கிறார். அடுத்த குறளிலேயே, ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துவந்தால்தான் நம்பலாம் என்கிறார். தனிப்பிரிவுக்கு வருகிற எந்தப் புது ஆளுக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இந்த இரண்டையும்தான். ஃபீட்லர் இதை அப்படியே செய்கிறான். லீமாஸ் சொன்னதை மட்டும் நம்பவில்லை. கோபன்ஹேகனிலும் ஹெல்சின்கியிலும் லீமாஸ் பொய்ப் பெயரில் பணம் போட்ட வங்கிகளுக்கு அவனையே கடிதம் எழுதவைக்கிறான். பணம் எடுக்கப்பட்ட தேதியை வாங்கி, முண்ட் பயணம் போன தேதிகளோடு வைத்துப் பார்க்கிறான். ஆள் சொன்னது, வங்கி சொன்னது, பயணக் கணக்கு சொன்னது என்று மூன்றும் ஒத்துப்போகின்றன. ஆனால் வங்கிக் கணக்கும் லீமாஸின் வாயும் லண்டனில் ஒரே கை தயாரித்தவை. ஒருவரை ஒருவர் அறியாத மூவர் என்ற நிபந்தனை, பார்வைக்கு நிறைவேறி உள்ளே உடைந்து கிடக்கிறது.

மதுரையில் பிறந்தவனுக்கு இந்த இடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. பாண்டியன் ஒரே ஒரு பொற்கொல்லனின் வாயை நம்பினான். அந்தப் பொற்கொல்லனே திருடன். இரண்டாவது ஆளைக் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். ‘தேரா மன்னா’ என்று கண்ணகி தொடங்குவது அதனால்தான். லெ காரே இதற்கு நேர் எதிரான ஒருவனை எழுதினார். ஃபீட்லர் தேர்ந்தான், ஒவ்வொரு படியிலும் நிதானமாகத் தேர்ந்தான், சரியான முடிவுக்கே வந்தான், ஆனாலும் அழிந்தான். முடிவு சரி, சாட்சி ஜோடனை. கோர்ட்டு வாசலில் நின்றவர்களுக்கு இது தெரியும். குற்றம் செய்தவன்மீதே வழக்கு இருந்தாலும் சாட்சி ஜோடிக்கப்பட்டது என்று ஒரு நூல் பிரிந்துவிட்டால் வழக்கே போய்விடும், உண்மைக் குற்றவாளி மாலையோடு வெளியே வருவான். ஃபீட்லர் யூதன், முண்ட் யூத வெறுப்பு ஊறிய பழைய நாஜி. பிரிட்டன் காப்பாற்றியது முண்டை. நாவல் 1963இல் வந்தது, உலகப்போர் முடிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. அன்றைய ஆங்கில வாசகருக்கு அந்த இடம் எப்படி வலித்திருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அந்த நூலைப் பிரித்தது லிஸ். நூலகத்தில் லீமாஸோடு வேலை பார்த்த, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த, அவன் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட பெண். அவளை இதில் இழுக்கக்கூடாது என்று லீமாஸ் கன்ட்ரோலிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படியிருந்தும் லண்டனின் ஆளான ஸ்மைலி அவள் வீட்டுக்கே போய்த் தன் பெயர் அச்சிட்ட அட்டையைக் கொடுத்துவிட்டு வருகிறார். அவள் குடியிருப்பின் குத்தகைப் பணத்தை யாரோ கட்டிவிடுகிறார்கள். மன்றத்தில் அவளைச் சாட்சியாக நிறுத்தி இதையெல்லாம் சொல்லவைத்ததும், லீமாஸுக்குப் பின்னால் லண்டன் இருப்பது வெட்டவெளிச்சமாகிறது. நிறையப் பேர் இதை லண்டனின் கவனக்குறைவு என்று படிக்கிறார்கள். அது கவனக்குறைவாக இருக்கவே முடியாது. ‘சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க செய்யின் புறப்படுத்தான் ஆகும் மறை’ என்பது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள். ஒற்றனுக்கு ஊரறிய ஒரு சிறப்புச் செய்தால் ரகசியத்தை நீயே வெளியே போட்டுவிட்டாய் என்று அர்த்தம். எங்களுக்குத் தகவல் சொல்கிறவன் வீட்டில் திடீரென்று ஒரு புது பீரோ வந்தாலே ஊர் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அதனால் அவன் வீட்டுப் பக்கமே போகமாட்டோம், அவன் பிள்ளை கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டோம். ஒரு சாதாரண ஏட்டுக்குத் தெரிந்த இந்தப் பாடம் ஸ்மைலிக்குத் தெரியாமலா இருக்கும்? அட்டையும் பணமும் வேண்டுமென்றே விட்டுவந்த தடயங்கள். லீமாஸ் மன்றத்தில் நின்றபடி எல்லாவற்றையும் புரிந்துகொள்வதும் இதை வைத்துத்தான்.

இப்போது நீங்கள் சலிப்பு என்று சொன்ன முதல் பகுதிக்கு வருகிறேன். லீமாஸை வாங்க வருகிறவர்கள் ஒருநாள் பார்த்துவிட்டு முடிவு செய்கிறவர்கள் அல்ல. பார்க்கில் சந்திக்கும் ஆஷ், ஹாலந்தில் வீட்டுக்குள் வைத்து விசாரிக்கும் பீட்டர்ஸ், கிழக்கில் ஃபீட்லர் என்று ஆள் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொருவரும் அவன் பழைய வாழ்க்கையைத் தோண்டுவார்கள். வேஷமாக இருந்தால் எங்காவது ஒரு சுரண்டலில் உரிந்துவிடும். அதனால் அவனை நிஜமாகவே ஜெயிலில் போட வேண்டியிருந்தது, மளிகைக்கடைக்காரருக்கு நிஜமாகவே அடி விழ வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் கசப்பும் குடியும் தனிமையும் லீமாஸிடம் ஏற்கெனவே இருந்தவை. ரீமெக் செத்துக் கிடந்ததைப் பார்த்த மனுஷனின் மனநிலை அது. அலுவலகம் புதிதாக எதையும் பூசவில்லை, இருந்ததைத் திறந்து காட்டியது, அவ்வளவுதான். ஊரில் நம்பகமாக நடமாடிய ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். பெரும்பகுதி உண்மையாகவே வாழ்வார்கள், ஓரிடத்தில் மட்டும் மறைப்பார்கள். நீங்கள் படித்த அந்தப் பக்கங்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றியதல்லவா? திட்டத்தின் முக்கால்வாசி அங்கேதான் நடந்து முடிகிறது.

நிஜத்தில் உளவு வேலை இப்படித்தானா என்ற கேள்விக்கு, உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். லெ காரே என்பது புனைபெயர், இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5இலும் பிறகு வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6இலும் வேலை பார்த்தவர். நாவலை எழுதியபோது மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி என்ற பெயரில் இருந்தார். 1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லினின் நடுவே முள்வேலி விழுந்து பிறகு சுவர் எழும்பிய காலத்தில் அவர் ஜெர்மனியில் இருந்தார், அந்தக் கோபம்தான் புத்தகத்தின் உயிர். அதே 1961இல்தான் எம்ஐ6 அதிகாரி ஜார்ஜ் பிளேக் சோவியத்துக்கு வேலை பார்த்ததற்காக 42 வருஷச் சிறைத் தண்டனை பெற்றான். 1963 ஜனவரியில், அதேபோல் சோவியத்துக்கு வேலை பார்த்த முன்னாள் எம்ஐ6 அதிகாரி கிம் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து காணாமல்போய் மாஸ்கோ சேர்ந்தான். நம் ஆள் யார், அவர்கள் ஆள் யார் என்பதே தெரியாத காலம் அது. கதையின் காற்று நிஜம்.

ஆனால் கதை நிஜம் அல்ல. உளவுத்துறையில் வேலை பார்ப்பவர் எழுதியதை அந்தத் துறை படித்துப் பார்த்துத்தான் வெளியிட அனுமதித்தது. இது முழுக் கற்பனை, எந்த ரகசியமும் இதில் இல்லை என்று தெரிந்ததால்தான் அனுமதி கிடைத்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பத்திரிகைகளோ உள்ளே இருந்தவன் உண்மையைக் கொட்டிவிட்டான் என்று கொண்டாடின. அது அவருக்குக் கடைசிவரை உறுத்தலாக இருந்தது. என் அனுபவத்திலிருந்து சொன்னால், தகவலைச் சோதிக்கும் முறை, ஆளைக் கையாளும் பேச்சு, மேலதிகாரி அன்பாகப் பேசிக்கொண்டே கத்தியைச் சொருகும் விதம், இவை அச்சு அசல். இவ்வளவு நீளமான ஒரு திட்டம் ஒரு திருகுகூடக் கழலாமல் கடைசிவரை ஓடுவது மட்டும் கதையில்தான் நடக்கும். நிஜத்தில் நடுவில் யாராவது லீவு போட்டிருப்பார்கள், இல்லையென்றால் பஸ் வந்திருக்காது.

அடுத்து, நாவலே திறந்து விட்டுவைத்த இடங்கள். மன்றம் முடிந்ததும் முண்ட் தப்பவிட்ட லீமாஸும் லிஸ்ஸும் பெர்லின் சுவரில் ஏறும்போது லிஸ்ஸைச் சுட்டது விபத்தா, முண்டின் ஏற்பாடா? நாவல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. முண்ட் யார் என்று தெரிந்துகொண்ட ஒரு கட்சிக்காரப் பெண் உயிரோடு வெளியே போவதை முண்ட் விரும்பியிருக்க மாட்டான், அதனால் ஏற்பாடுதான் என்பது என் ஊகம். மேற்குப் பக்கத்திலிருந்து ஸ்மைலியின் குரல் கேட்கிறது, அந்தப் பெண் எங்கே என்று. அது பதற்றமா, கணக்குச் சரிபார்ப்பா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது, நான் பதற்றம் என்றே படிக்கிறேன். ஸ்மைலிக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை என்று முன்பே நமக்குச் சொல்லப்படுகிறது, அதையும் நம்பலாமா என்பது வேறு விஷயம்.

லீமாஸ் ஏன் மேற்கே குதிக்காமல் அவள் கிடந்த பக்கம் திரும்பி இறங்கினான் என்பதற்குக் காதல் என்று சொல்பவர்கள் உண்டு, வெறுப்பு என்று சொல்பவர்களும் உண்டு. நான் வேலையை வைத்துப் பார்க்கிறேன். ஒரு ஆளை வைத்துத் தகவல் வாங்குகிறவனுக்கு ஒரு கடன் இருக்கிறது: அந்த ஆள் வெளியே வரும்வரை நீ நின்று பார்க்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் லீமாஸ் எல்லையில் மணிக்கணக்கில் காத்திருந்தது அதற்காகத்தான், ரீமெக்கைக் காப்பாற்ற முடியவில்லை. லிஸ் இந்த வேலையில் சேராதவள். லீமாஸுக்கு நேர்ந்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, முழுத்திட்டமும் உனக்குச் சொல்லப்படாது என்று ஒப்புக்கொண்டுதான் அவன் சம்பளம் வாங்கினான். லிஸ் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கமும் ஒரு தகவல் தப்பாக வெளியே போனால் முதலில் அடிபடுவது சொன்னவன் அல்ல, அவன் வீட்டுப் பெண்கள். குழாயடியில் பேச்சு நின்றுபோகும், கோயில் வரி வாங்க மறுப்பார்கள். அப்படி ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் லிஸ் வருகிற பக்கங்களை இன்றும் என்னால் வேகமாகப் புரட்ட முடிவதில்லை.

ஜேம்ஸ் பாண்டையும் சங்கர்லாலையும் வைத்து இதை ஒப்பிட்டு, அவை மட்டம் இது உசத்தி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்ததும், 1984இல் ராணி காமிக்ஸ் பாண்டோடு தொடங்கியதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கும் ருசியைக் காட்டிய காரியங்கள். அங்கே ஆபத்து வெளியிலிருந்து வரும், நாயகன் ஜெயிப்பான். லெ காரேயிடம் ஆபத்து தன் அலுவலகத்திலிருந்தே வருகிறது.

இன்னொரு முறை படியுங்கள் என்பதுதான் என் யோசனை. இந்த முறை மூன்று இடத்தில் நிதானியுங்கள். கன்ட்ரோல் முதலில் லீமாஸோடு பேசும் இடம்: அவர் எதைக் கேட்கிறார் என்பதைவிட எதைக் கேட்காமல் விடுகிறார் என்று பாருங்கள். அடுத்தது, கன்ட்ரோல் பெர்லினுக்கு வந்தபோது லீமாஸை வெளியே அனுப்பிவிட்டு ரீமெக்கோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார் என்று போகிறபோக்கில் வரும் செய்தி. போலீஸ்காரன் கண்ணுக்கு நாவலின் சாவியே அதுதான், தன் ஆளின் ஆளோடு தலைவர் தனியே பேச என்ன இருக்கிறது? மூன்றாவது, ஃபீட்லரும் லீமாஸும் நடந்துகொண்டே கொள்கை பற்றிப் பேசும் பக்கங்கள். நீங்கள் எதை நம்பி இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று ஃபீட்லர் திரும்பத் திரும்பக் கேட்கிறான், லீமாஸிடம் பதில் இல்லை.

முண்ட் யார் என்று இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் இதே ஆசிரியரின் முதல் நாவலான ‘கால் ஃபார் தி டெட்’ 1961இல் வந்தது, சின்னப் புத்தகம். முண்ட் முதலில் வருவது அதில்தான், அவன் இங்கிலாந்தைவிட்டுத் தப்பிப்போவதும் அதில்தான். அது நிஜத்தில் எப்படி நடந்திருக்கும் என்று இந்த நாவலின் கடைசியில் காரில் போகும்போது லீமாஸ் லிஸ்ஸிடம் சொல்வதோடு சேர்த்துப் படித்தால் முடிச்சு முழுதாக அவிழும். 2017இல் வந்த ‘எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்’ இதே விவகாரத்துக்குத் திரும்பி வருகிறது, ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1965இல் மார்ட்டின் ரிட் இயக்கத்தில் ரிச்சர்ட் பர்ட்டன் லீமாஸாக நடித்த கறுப்பு வெள்ளைப் படமும் இருக்கிறது. அதில் லிஸ்ஸின் பெயரை ‘நான்’ (Nan) என்று மாற்றியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். ஆஸ்கார் வெர்னர் ஃபீட்லராக வருகிறார், மன்றக் காட்சியில் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.